ராசிபுரத்து அளவு ஜாக்கெட்

என்னிடம் துணி கொண்டுவருகிறவர்கள் அளவு ஜாக்கெட்டோடுதான் வர வேண்டும். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால், அதை மேசைமேல் விரித்து, அதன்படி வெட்டித் தைத்துக் கொடுத்துவிடுவேன். டேப் பிடிக்க மாட்டேன். டேப்பை இடுப்பில் சுற்றினால் போதும், எந்தப் பொம்பளையும் வயிற்றை எக்கிக்கொள்வாள். மூச்சை விடு என்றால் விட்டுட்டேன் என்பாள். அந்த அளவுக்குத் தைத்துக் கொடுத்தால் மறுவாரம் வந்து, இறுக்கிப் பிடிக்கிறது என்று என்னைக் குறை சொல்வாள். உடம்பு பொய் சொல்லும், அளவு ஜாக்கெட் சொல்லாது என்று முப்பது வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படிச் சொன்ன வாயை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் கடை வைத்திருப்பவள் இல்லை. குமாரபாளையத்தில் எங்கள் வீட்டோடு சேர்ந்து நாலு விசைத்தறி ஓடுகிறது. அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். தறிக்கூடத்துக்கு அடுத்த அறையில் என் மெஷின் இருக்கிறது. சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் மட்டும் தைப்பேன். நாத்தனார் மகள் வளைகாப்பு, சித்தப்பா பேத்தி காதுகுத்து என்று எதுவாக இருந்தாலும் பாத்திரம் பண்டம் வாங்கிப்போவதில்லை. என் கையால் தைத்த ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்குகிறவர்கள் எப்படி வைத்துக்கொள்கிறார்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் சண்டைதான் வரும். நாலு நாள் உட்கார்ந்து பூவேலை செய்து கொடுத்த கவுனில் அடுப்புமேடையைத் துடைத்துக்கொண்டிருந்தவளை நானே பார்த்திருக்கிறேன். "ஒரு ஜாக்கெட்தானுங்க, ஒரு எட்டு அடிச்சுக் குடுத்துருங்க" என்பார்கள். ஒரு எட்டாம். வந்து உட்கார்ந்து அடித்துப் பார்க்கட்டும்.

பின்னவும் தெரியும். இந்த ஊர் வெயிலில் யாருக்கு ஸ்வெட்டர் என்று சிரிப்பார்கள். என் தம்பி லாரி ஓட்டுகிறான். மார்கழியில் டில்லிப் பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போவான். அவனுக்காகத்தான் இரண்டு ஊசி வாங்கிப் பழகினேன். தறியில் மிஞ்சுகிற கோன் நூலை ஆறு இழை சேர்த்து முறுக்கி, ஒரு மாதம் உட்கார்ந்து மப்ளர் பின்னிக் கொடுத்தேன். திரும்பி வந்தவனிடம் மப்ளர் எங்கடா என்றேன்.

"சூப்பரா இருந்துச்சுக்கா. பனியில கண்ணாடி தொடைக்கறதுக்கு அதாட்ட துணி கெடைக்காது."

மூன்று மாதம் அவனோடு பேசவில்லை. பிறகு குரங்குக் குல்லாய் ஒன்று பின்னிக் கொடுத்தேன். நான் அப்படித்தான். கோபம் வந்தால் கத்துவேன், அப்புறம் பேச மாட்டேன், அப்புறம் எதையாவது தைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். சமாதானம் ஆவதற்கு எனக்கு வேறு வழி தெரியாது.

இதெல்லாம் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே தையல் வகுப்பில் இருந்தோம். அவளுக்குத் தையல் வரவே வரவில்லை. வலது கையை இடது பக்கமும் இடது கையை வலது பக்கமும் வைத்துத் தைத்துவிட்டு, "திருப்பிப் போட்டுக்கலாமுங்க டீச்சர்" என்பாள். டீச்சர் ஸ்கேலால் போட்டால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். "நான் எதுக்குடி கத்துக்கோணும்? உசுரு இருக்கற மட்டும் நீ தெச்சுக் குடுக்க மாட்டியா?" என்பாள். ராசிபுரத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அன்றையிலிருந்து அவள் போட்ட ஜாக்கெட் எல்லாம் நான் தைத்தவைதான். முப்பத்தொரு வருஷம்.

துணியையும் அளவு ஜாக்கெட்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, திருச்செங்கோடு வழியாக வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். நான் பஸ் ஸ்டாண்டில் நின்று வாங்கிக்கொள்வேன். தைத்ததும் அதே மாதிரி திருப்பி அனுப்புவேன். அளவு ஜாக்கெட் எப்போதும் ஒன்றேதான், நீல நிற டூபைடூ பருத்தித் துணி. சாயம் போய், அக்குளில் வெளுத்து, என் சாக்பீஸ் கோடுகள் ஏறி இருக்கும். அவள் சதை போடும்போதெல்லாம் பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறேன். அவளுடைய இடது தோள் வலது தோளைவிட ஒரு நூல் இறக்கம். அது அவள் புருஷனுக்கே தெரிந்திருக்காது. எனக்குத் தெரியும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சித்திரையில் வந்து இரண்டு நாள் இருந்தாள். பவானிக்குப் பாலம் தாண்டிப் போய்க் கோயிலில் கும்பிட்டு, ஆற்றில் காலை நனைத்துவிட்டு வந்தோம். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நான் வருகிறேன் என்றாலும் ஏதாவது ஒரு சாக்குச் சொன்னாள்.

"ஊட்டுக்கு வெள்ளையடிக்கறாங்க, இப்ப வராத."

"வெள்ளையடிச்சா நான் என்ன சுண்ணாம்பத் தின்னுபோடுவனா?"

"அப்பறம் வா சாமி. நானே சொல்றேன்."

அப்புறம் சொல்லவேயில்லை. வீடியோவில் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். போனில் கேமரா உடைந்துவிட்டதாம். ஆவணியில் அவள் மகளுக்கு நிச்சயம் நடந்தது. எனக்குச் சொல்லவில்லை. வேறொருத்தர் சொல்லித் தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, "ஊட்டோட வெச்சுக்கிட்டோம்டி" என்றாள். பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்தாளாம், மகள் கல்யாணத்துக்கு வேண்டுதலாம். அதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை வீடு ரிக் வண்டிக்காரர்கள். வடநாட்டில் போர்வெல் போடுகிற வண்டி ஆறேழு ஓடுகிறது, நல்ல வசதி. சரி, பெரிய இடம் கிடைத்ததும் நாலு தறிக்காரி வேண்டாமல் போய்விட்டேன் என்று முடிவுகட்டினேன். எங்கள் வீட்டுக்காரர், "ஒருவேளை ஏதாச்சும் சங்கடமா இருக்கும், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வா" என்றார். கூப்பிடாத வீட்டுக்கு நான் எதற்குப் போகிறேன் என்று அவர்மேல் பாய்ந்தேன்.

போயிருக்கலாம். பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ராசிபுரம். எட்டு மாதம் நான் வீம்பாக உட்கார்ந்திருந்தேன்.

கார்த்திகையில் மஞ்சள் பை வந்தது. அரக்குப் பட்டு ஒன்று, பச்சையில் ஒன்று, இரண்டு ஜாக்கெட் துணி. அரக்கு முகூர்த்தத்துக்கு, பச்சை மாப்பிள்ளை அழைப்புக்கு. கூடவே அந்த நீல ஜாக்கெட். போனில், "எப்பவும் போலயே தெச்சுரு" என்றாள். அவ்வளவுதான். நான் வேறு எதுவும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக எதையும் தைத்ததில்லை. கோபத்தில் தைத்தேன். சரிகைக்கரை இரண்டு கையிலும் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி வைத்து, கொக்கியை ஒவ்வொன்றாகக் கையால் கட்டி, உள்பக்கம் ஒரு பிசிறு இல்லாமல் முடித்தேன். அவள் போட்டுப் பார்த்து வெட்கப்பட வேண்டும். பையில் போடும்போது ஒரு துண்டுச்சீட்டு எழுதி அரக்கு ஜாக்கெட்டில் குத்தினேன். "உன் பெரிய சம்பந்திக்கு இது தகுமா என்று பார். தகாவிட்டால் சேலத்தில் கடையில் கொடுத்துத் தைத்துக்கொள்." இதைத்தான் எழுதினேன். நீல ஜாக்கெட்டை மட்டும் திருப்பி அனுப்ப மறந்துவிட்டேன். மறந்தேனா, வேண்டுமென்றே வைத்துக்கொண்டேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது அவள் மகள் போன் செய்தாள்.

"பெரியம்மா, ஜாக்கெட் அம்மாவுக்குச் சேரலீங்க."

"சேராம எப்படிப் போகும்? என்ற கை தப்பாது."

"கைதானுங்க நொழைய மாட்டேங்குது. இடது கை."

"அப்ப உங்கம்மா தின்னு கொழுத்துட்டா. சம்பந்தி ஊட்டுப் பலகாரம் அத்தனையும் அவளேதான் முழுங்கறாளாட்ட இருக்குது."

அந்தப் பெண், "நீங்க ஒருக்கா வாங்க பெரியம்மா. நான் கூப்பட்டேன்னு அம்மாகிட்டச் சொல்லாதீங்க" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்கு அது உறைக்கவில்லை. இடது கை நுழையவில்லை, வலது கை நுழைகிறது என்றால் எந்தத் தையல்காரியும் ஒரு நிமிஷம் யோசிப்பாள். ஒரு கை மட்டுமா கொழுக்கும்? நான் யோசிக்கவில்லை. என் தையலைக் குறை சொல்லிவிட்டார்களே என்பதுதான் மண்டைக்குள் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போனேன். அவள் வீட்டில் வெள்ளையடித்திருக்கவில்லை. உள்ளறையில் கட்டிலில் நைட்டியோடு உட்கார்ந்திருந்தாள். மேலே ஒரு துண்டு. தலையில் கட்டைமயிர், அங்கங்கே சொட்டை. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை இழுத்து மார்பை மூடினாள்.

"உன்ற சீட்டப் படிச்சன்டி" என்றாள். "இன்னமும் கோழி கெளறுனாட்டவே எழுதற."

நான் கதவைச் சாத்தினேன். துண்டை எடுத்தேன். அவள் தடுக்கவில்லை.

இடது பக்கம் ஒன்றும் இல்லை. அக்குளிலிருந்து நெஞ்சு நடு வரைக்கும் ஒரு கோடு, எங்கள் ஆட்கள் அவசரத்துக்குச் சாக்குத் தைக்கிற மாதிரி. இடது கை தோளிலிருந்து விரல் வரைக்கும் வீங்கித் தொங்கியது. வலது கையில் எலும்புதான். அரக்கு ஜாக்கெட்டைத் தூக்கி அவள்மேல் வைத்துப் பார்த்தேன். உடம்புக்கு இரண்டு பேர் நுழையலாம். இடது கைக்கு மட்டும் பாதிதான் போகும்.

"எப்ப எடுத்தாங்க?"

"வைகாசியில. சேலத்துல."

"மொட்டை?"

"பழனி முருகனுக்குன்னு ஊருக்குச் சொன்னது. ஊசி போட்டதுல போயிருச்சு."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவளை அடிக்கலாம் போல இருந்தது. என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தறிக்கூடத்தில் கத்துகிற மாதிரி கத்தினேன். அவள் என் வாயைப் பொத்தினாள். வெளியே அவளுடைய நாத்தனார் இருக்கிறாள், புருஷனுடைய அக்கா. அவள்தான் யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்று சொன்னவள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணுக்கும் இந்த நோய் வரும் என்று சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடுவார்களாம். தாலி ஏறுகிற வரைக்கும் இவள் நல்ல உடம்போடு மணவறைப் பக்கத்தில் நிற்க வேண்டுமாம்.

"அது அவுங்களுக்கு. நான் என்ன மாப்பிள்ளை ஊட்டுக்காரியா?"

"நீ சண்டைக்காரிடி" என்றாள். "உங்கிட்டச் சொன்னா இந்த ஊட்டு வாசல்ல வந்து நின்னு, ஏன்டா மறைக்கறீங்கன்னு எங்க ஊட்டுக்காரரைக் கேப்ப. ராசிபுரமே கேக்கும். எம்புள்ள கல்யாணம் நிக்கும். நீ கெட்டவ இல்ல. உன்ற வாய்க்குத்தான் பூட்டு இல்ல."

அவள் சொன்னது பொய்யில்லை. நான் அதைத்தான் செய்திருப்பேன். இன்றைக்கும் அவர்கள் மறைத்தது தப்பு என்றுதான் சொல்வேன். ஆனால் எட்டு மாதம் அவள் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தபோது நான் பக்கத்தில் இல்லாமல் போனதற்கு அந்த நாத்தனார் மட்டும் காரணமில்லை. என் வாயும் காரணம். அதோடு அந்த நீல ஜாக்கெட்டை வைத்து முப்பத்தொரு வருஷமாக நான் பேசிய பெருமை. அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் அதைக் கொடுத்துவிட்டாள். அளவு ஜாக்கெட் வந்துவிட்டால் நான் ஆளைப் பார்க்கக் கேட்க மாட்டேன் என்று கணக்காக இருந்தாள்.

"எனக்கு இந்த ஒரு நாள் போதும்" என்றாள். "எம்புள்ளைக்குத் தாலி ஏறும்போது நான் முன்னால நிக்கோணும். ஒருத்தரும் ஒரு மாதிரியாப் பாக்கக் கூடாது. முடியுமா உன்னால?"

டேப் கொண்டுபோகவில்லை. நான்தான் டேப் பிடிக்காதவள் ஆயிற்றே. பூக்கட்டுகிற நூல் கேட்டு வாங்கி, ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முடிச்சுப் போட்டேன். தோளுக்கு, நெஞ்சுக்கு, வீங்கின கைக்கு மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. முதல் முறையாக அவள் உடம்பை அளந்தேன். இடுப்பில் நூலைச் சுற்றியபோது நின்றுவிட்டேன். எக்குவதற்கு அவளுக்கு வயிறு இல்லை.

அரக்கு ஜாக்கெட்டை வீட்டுக்கு எடுத்து வந்து முழுக்கப் பிரித்தேன். உடம்பைக் குறைத்தேன். வெட்டி எடுத்த துணியையே இடது கையின் உள்பக்கம் பட்டையாகக் கொடுத்து அகலமாக்கினேன். கையைத் தூக்கினால்தான் ஒட்டுத் தெரியும், அவளால் கையைத் தூக்க முடியாது. பிறகு இரண்டு ஊசியை எடுத்து, கோன் நூலில் வட்டமாக ஒரு பை பின்னினேன். மேலே மெல்லிசாக, கீழே குண்டாக, வலது பக்கம் எப்படி இருக்கிறதோ அப்படி. இலவம்பஞ்சு அடைத்தேன். பஞ்சு மட்டும் வைத்தால் கனம் இல்லாமல் அந்தப் பக்கம் மேலே ஏறிக்கொள்ளும். அதற்குள் ஒரு சின்னத் துணிப்பையில் ராகியைப் போட்டுத் தைத்து வைத்தேன். ஜாக்கெட்டின் உள்ளே அதற்கு ஒரு பாக்கெட். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். கண்ணாடியில் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். கையால் தட்டிப் பார்த்தாள்.

"உள்ளார என்னடி, சரசரங்குது?"

"ராகி."

"அட சண்டாளி. எனக்கு வேர்த்தா மொளைச்சுக்கும்டி!"

சிரித்தாள். சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கும் போல. ஆ ஆ என்று பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நாத்தனார் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"பச்சையை என்ன பண்ண?" என்று கேட்டாள்.

"அது இருக்கட்டும். அழைப்புக்கும் அரக்கையே போட்டுக்க. கை வீக்கம் வடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம். இப்ப அகலம் பண்ணிட்டு மறுக்கா பிரிக்கறதா? ரெண்டு வேலை."

இதைச் சொன்னவளும் நான்தான்.

கல்யாணத்தன்று காலையில், கையின் உள்பட்டையில் ஒரு இடம் தையல் விட்டுவிட்டது. வீக்கம் அன்றைக்குக் கொஞ்சம் அதிகம். மணவறைக்குக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். "போட்டபடியே ரெண்டு தையல் போட்டுருடி" என்றாள். நான் முடியாது என்றேன். உடம்பில் இருக்கிற துணிமேல் ஊசி வைக்கக் கூடாது. எங்கள் பக்கம் யாரும் வைக்க மாட்டார்கள், போட்டிருக்கிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். அதுவும் நல்ல நாளும் அதுவுமாக, அதுவும் அவளுக்கு. கழற்று என்றேன். அந்தக் கையை ஜாக்கெட்டிலிருந்து எடுக்கவும் மறுபடி நுழைக்கவும் கால்மணி நேரம் ஆனது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் வந்து மை கரைந்தது. நான் அதைத் துடைத்துவிட்டு மறுபடி மை போட்டுவிட்டேன். இரண்டு தையலுக்காக அவளை அவ்வளவு நோகடித்தேன்.

முன்னால் நின்றாள். தாலி ஏறியபோது வலது கையால் அட்சதை போட்டாள். ஒருத்தரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா என் பக்கம் திரும்பி, "சம்பந்தியம்மா ஜாக்கெட் நீங்கதான் தெச்சீங்களாமா? அச்சுல வார்த்தாட்ட இருக்குதுங்க. எனக்கும் ரெண்டு தெச்சுக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

"அளவு ஜாக்கெட் குடுத்தாத்தானுங்க தெப்பா. ஆளைப் பாத்தெல்லாம் தெக்க மாட்டா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். டீச்சர் அடித்தபோது பார்த்துச் சிரிப்பாளே, அதே மாதிரி.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை போனேன். ஒவ்வொரு முறையும் பச்சை ஜாக்கெட் அவள் பீரோவில் மடித்தபடி இருந்தது. ஒவ்வொரு முறையும் கையைப் பார்த்தேன். வடியவில்லை. ஒருமுறை அதிகமாகவே இருந்தது. "எடுத்துட்டுப் போய் அகலம் பண்ணிட்டு வாயேன், நல்ல துணி, சும்மா கெடக்குது" என்றாள். வடியட்டும் என்றேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அதை அகலமாகத் தைத்துவிட்டால் இனி இதுதான் அவள் அளவு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை. இரண்டு மணி நேர வேலை. ஆறு மாதம் தள்ளிப்போட்டேன்.

ஆடியில் ஒரு நாள் காலையில் மகள் போன் செய்தாள். "பெரியம்மா" என்று மட்டும் சொன்னாள்.

கிளம்பும்போது அந்த நீல ஜாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது அவளுடையது, திருப்பிக் கொடுக்கவில்லையே என்ற ஒரே நினைப்பு. வேறு எதையும் யோசிக்கவில்லை.

நான் போய்ச் சேரும்போது குளிப்பாட்டிப் புதுச்சேலை சுற்றி உள்ளறையில் கிடத்தியிருந்தார்கள். மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு. பக்கத்தில் நாத்தனாரும் இன்னும் மூன்று பொம்பளைகளும். மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "வெட்டாதீங்கன்னு நான் சொன்னனுங்க பெரியம்மா, யாரும் கேக்கல. கேக்கவே இல்லீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பச்சை ஜாக்கெட்டைப் போட்டிருந்தார்கள். போகிற பொம்பளைக்குப் புதுசுதான் போட வேண்டும். பீரோவில் போடாமல் இருந்தது அது ஒன்றுதான். அரக்கு ஏற்கெனவே கட்டினதாகிவிட்டது. இடது கை நுழையவில்லை. நாத்தனார் கத்தரியை எடுத்து ஜாக்கெட் கையை மேலிருந்து கீழே வரைக்கும் வெட்டியிருந்தாள். என் தையல்மேலேயே வெட்டியிருந்தாள். வீங்கின கை வெளியே கிடந்தது. நெஞ்சில் இடது பக்கம் துணி குழிந்து கிடந்தது. வெளியே ஊர் முழுக்க நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்து வைப்பார்கள்.

ஒருத்தரும் ஒரு மாதிரியாகப் பார்க்கக் கூடாது என்றுதானே சொன்னாள்.

என் பர்ஸில் எப்போதும் ஊசியும் ஒரு சுற்று வெள்ளை நூலும் இருக்கும். கத்தரியை அந்த நாத்தனார் கையிலிருந்து பிடுங்கினேன். பையிலிருந்து நீல ஜாக்கெட்டை எடுத்து, அதன் இடது கையை வெட்டினேன். முப்பத்தொரு வருஷம் அந்த ஜாக்கெட்டைப் பார்த்துத்தான் வெட்டினேன், அதன்மேல் கத்தரி வைத்ததில்லை. விரித்துப் பட்டையாக்கி, பச்சைக் கையின் வெட்டின இரண்டு ஓரத்துக்கும் நடுவில் வைத்தேன்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்று நாத்தனார் எழுந்தாள். "ஒடம்பு மேல வெச்சு ஊசி போடறீங்க! ஆகாதுங்க!"

"இனிமேல் என்னத்தங்க ஆகோணும்?"

மகளைக் கூப்பிட்டு அந்தப் பின்னல் பையைக் கொண்டுவரச் சொன்னேன். எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். பச்சையில் பாக்கெட் இல்லை. லைனிங்கில் நாலு தையல் போட்டு நிறுத்தினேன். உள்ளே ராகி சரசரத்தது.

பிறகு கையைத் தைத்தேன். அவள் கை கனத்தது. மடியில் வைத்துக்கொண்டு தோளிலிருந்து ஆரம்பித்தேன். பச்சைத் துணி, நீலப் பட்டை, வெள்ளை நூல். என் வாழ்நாளில் இவ்வளவு கேவலமான தையல் போட்டதில்லை. ஊசி அவள் தோலில் படாமல் இருக்க என் இடது கை விரலை அடியில் கொடுத்துத் தைத்தேன். இரண்டு முறை என்னைக் குத்திக்கொண்டேன். வெளியே நேரமாச்சு நேரமாச்சு என்று ஆண்கள் குரல் கொடுத்தார்கள். இருங்கள் என்று கத்தினேன். அவள் சொன்ன அதே வாய். ராசிபுரமே கேட்டிருக்கும்.

முழங்கைக்கு மேலே வந்து முடித்தேன். கத்தரி எங்கே போனதென்று தெரியவில்லை. குனிந்து பல்லால் நூலை அறுத்தேன். மஞ்சள் வாசம் வந்தது. கைக்கும் துணிக்கும் நடுவில் ஒரு விரல் விட்டுப் பார்த்தேன், சுலபமாகப் போனது. முந்தானையை இழுத்துத் தோள்மேல் போட்டுவிட்டு, எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.